விடுதி வாசலில் தொடங்கும் பழம்பாதைகள்: தேடிப் பிடித்து நடக்க ஒரு வழிகாட்டி

நாட்டுப்புறத்தில் ஒரு பழைய வழிவிடுதி நிற்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கு முன்பே அங்கே ஒரு பாதை இருந்திருக்கிறது. வண்டியோ பொதிக்குதிரையோ ஒரு நாளில் கடக்கக்கூடிய தொலைவு, ஆற்றைக் கடக்கும் துறை, ஏற்றம் தொடங்கும் அடிவாரம், இரண்டு வழிகள் சேரும் முக்கு என்று ஏதோ ஒரு தேவைதான் அங்கே அடுப்பை மூட்ட வைத்தது. ரோமானியச் சாலைகளில் இரவுத் தங்கலுக்கான விடுதிகள் ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ. இடைவெளியில் இருந்தன. ஜப்பானின் நகசெண்டோ வழியில் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்கும் இடையே 69 தங்கல் ஊர்கள். மனிதனும் விலங்கும் எவ்வளவு தூரத்தில் களைத்துப்போவார்கள் என்பதுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

ஆகவே ஒரு பழம்பாதையை நடந்து பார்க்க நினைத்தால் முதலில் கேட்க வேண்டியது, இதில் யார், எதைச் சுமந்துகொண்டு போனார்கள் என்பது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதை எங்கே வளையும், எங்கே ஆற்றைக் கடக்கும், அடையாளம் அழிந்த இடத்தில் எந்தப் பக்கம் தேடுவது என்பதெல்லாம் ஓரளவு கைக்குள் வந்துவிடும்.

கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை

முடிந்தால் மதியத்துக்குள் விடுதிக்கு வந்து சேருங்கள். அறையில் பையை வைத்த கையோடு கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வண்டி உள்ளே போகும் அளவுக்கு உயர்ந்த வளைவு வாசல், குதிரை ஏறுவதற்கான படிக்கல், சுவரில் இரும்பு வளையம், கல் தண்ணீர்த்தொட்டி இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். வளைவு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அன்றைய பெருவழி போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்றைய தார்ச்சாலை கட்டடத்தின் முதுகுப்புறம் ஓடினால், போக்குவரத்து வேறு வழிக்கு மாறியபின் பழைய சாலை கைவிடப்பட்டிருக்கலாம். கைவிடப்பட்ட அந்தத் துண்டுதான் நமக்குப் பொக்கிஷம். தார் போட்டு அகலப்படுத்தாததால் பழைய தளமும் ஓரக்கற்களும் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

அன்று மாலையே இரண்டு மூன்று கி.மீ. சுற்றிவிட்டு வருவது நல்லது. புதிய ஷூ எங்கே கடிக்கிறது, மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, உள்ளூர் வழிகாட்டிக் குறிகள் எப்படி இருக்கின்றன என்பதெல்லாம் பெரிய நடைக்கு முன்பே தெரிந்துவிடும்.

வரவேற்பில் இருப்பவரிடம் ‘எங்கே நடக்கலாம்?’ என்று கேட்டால், எல்லாருக்கும் கொடுக்கும் துண்டுத்தாள்தான் கையில் வரும். கேள்வியைக் கூர்மையாக்குங்கள். மழை பெய்தால் எந்தப் பாதை முதலில் மூழ்கும்? எந்த நடைப்பாலம் உடைந்து கிடக்கிறது? எங்காவது மரம் வெட்டுகிறார்களா, வேட்டைக் காலமா? கன்றோடு மாடுகள் மேயும் வயல் எது? கடைசிப் பேருந்து எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு? இவற்றுக்கான விடை எந்த வரைபடத்திலும் இருக்காது.

சாப்பாட்டு நேரத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். காலை உணவு எட்டரைக்குத்தான் என்றால் கிளம்புவதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். குளிர்காலத்தில் அந்த ஒரு மணி நேர வெளிச்சம் பெரிய இழப்பு. கட்டுச்சோறு வேண்டுமென்று முந்தின இரவே சொல்லிவையுங்கள். சமையலறை எத்தனை மணிக்கு மூடுவார்கள், தாமதமாக வந்தால் பக்கவாசல் சாவி கிடைக்குமா, ஈர உடையும் ஷூவும் உலர்த்த இடம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வரைபடங்கள், ஒரு நேரக் கணக்கு

நடப்பதற்கு 1:25,000 அளவு வரைபடம் வேண்டும். அதில் 4 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. வேலி, சுவர், கிணறு வரை பெரும்பாலும் தெரியும். 1:50,000 வரைபடம் ஊரமைப்பைப் புரிந்துகொள்ளப் போதும். ஆனால் வயல்வெளியில் நின்று ‘சுவருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?’ என்று தெரிந்துகொள்ள உதவாது.

இரண்டாவதாக, அதே இடத்தின் பழைய வரைபடம் ஒன்று. பிரிட்டனில் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 1791 முதல் இயங்குகிறது. அதன் பழைய தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. பல நாடுகளின் நில அளவைத் துறைகளும் ஆவணக் காப்பகங்களும் இதுபோல் தருகின்றன. பழைய தாளில் மைல்கல், ஆற்றுத்துறை, கல்குவாரி, சுண்ணாம்புச் சூளை, ஆலை, வழிபாட்டிடம் ஆகியவற்றைத் தேடி வட்டமிடுங்கள். பாதை என்பது இவற்றை ஒன்றோடொன்று இணைத்த கோடுதான்.

பழைய வரைபடத்தில் பாதை இருப்பது வேறு, இன்று அதில் நடக்க உரிமை இருப்பது வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைவழிகள் உள்ளாட்சி அமைப்புகளின் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பதிவு முறையைக் கொண்டுவந்தது 1949-ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை பெரும்பாலான திறந்தவெளியில் நடக்கலாம். வேறு பல நாடுகளில் தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் தேவை. பழைய தாளில் மட்டும் தெரிந்து, புதியதில் காணாமல்போன கோட்டைக் கண்டால் விடுதியில் கேட்டு உறுதி செய்த பிறகே காலை வையுங்கள்.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கே இன்றும் கைகொடுக்கிறது. அதன் இன்றைய மெட்ரிக் வடிவம்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு நிமிடம். 12 கி.மீ. தூரம், மொத்தம் 450 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக 3 மணி 9 நிமிடம். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. நாமோ பாலத்தின் கீழே குனிந்து பார்க்கவும், எழுத்து தேய்ந்த கல்லைப் படிக்கவும் போகிறோம். மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்: 4 மணி 12 நிமிடம். சாப்பிட அரை மணி நேரம் சேர்த்தால் 4 மணி 42 நிமிடம். சூரியன் மாலை ஐந்தரைக்கு மறைகிறது, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிட வேண்டும் என்றால், காலை 11.45-க்காவது வாசல்படி இறங்கியிருக்க வேண்டும். காட்டுக்குள்ளும் ஆழமான பள்ளப்பாதைகளிலும் வெளியில் இருட்டுவதற்கு முன்பே இருட்டிவிடும்.

திரும்பும் நேரம் ஒன்றைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். ‘ஒரு மணிக்குள் கல்பாலத்தை எட்டாவிட்டால் திரும்புவோம்’ என்று தாளில் எழுதிவைத்தால், அங்கே போனபின் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்ற ஆசைக்கு இடமிருக்காது.

வட்டமாகச் சுற்றி வரும் பாதை இல்லாமல் நேர்கோட்டுப் பாதையாக இருந்தால், காலையிலேயே பேருந்திலோ வாடகை வண்டியிலோ மறுமுனைக்குப் போய், அங்கிருந்து விடுதியை நோக்கி நடந்து வாருங்கள். எதிர்த்திசையில் நடந்தால் நாள் முழுக்கக் கடைசிப் பேருந்தை நினைத்து ஓட வேண்டியிருக்கும், பார்க்க வந்ததைப் பார்க்க முடியாது. அந்தக் காலத்துப் பயணி மாலையில் விடுதி விளக்கைக் கண்டதுபோல நீங்களும் வந்து சேரலாம் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

பாதை என்ன சொல்கிறது

பழம்பாதை காரணமில்லாமல் வளையாது. அந்தக் காரணத்தைப் படிக்கத் தெரிந்தால் நடை இருமடங்கு சுவையாகிறது.

நேராக, இருபுறமும் பள்ளம் வெட்டி, நடுவே மேடு கட்டிப் போகும் சாலை படை நடத்துவதற்காகத் திட்டமிட்டுப் போட்டதாக இருக்கலாம். ரோமானியர்கள் ஓர் உயரமான இடத்திலிருந்து அடுத்த உயரமான இடத்தைப் பார்த்துக் கோடு பிடித்தார்கள். அதனால் அவர்களுடைய சாலைகள் திசை மாறும்போது பெரும்பாலும் மேட்டின் உச்சியில்தான் மாறும். வயலில் தடம் தொலைந்துவிட்டால் அடுத்த மேட்டைப் பாருங்கள். அங்கே வேலியோ மரவரிசையோ அதே நேர்கோட்டில் நின்றால் தடம் அதுதான்.

பொதிவிலங்குகளின் பாதை குறுகலானது. பாலமும் குறுகலாக இருக்கும், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான் அல்லது இருக்கவே இருக்காது. இருபுறமும் தொங்கும் மூட்டை இடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். சுவர் இடிந்துபோய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மந்தை ஓட்டிய வழி இதற்கு நேர்மாறு: இரு சுவர்களுக்கு நடுவே, எந்த வண்டிக்கும் தேவைப்படாத அகலத்தில் புல்தரை விரிந்து கிடக்கும். மாடுகள் போகிற போக்கில் மேய வேண்டுமே. இங்கிலாந்தின் சில மலைப்பகுதிகளில் இறந்தவரைத் தொலைதூரத் தேவாலயத்துக்குச் சுமந்துபோன வழிகளும் உண்டு. சவப்பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிய தட்டையான கற்கள் சில இடங்களில் இன்றும் கிடக்கின்றன. அப்படி ஒரு கல்லருகே நிற்கும்போது, ஏற்றம் எங்கே கடுமையானது என்று நம் கால்களும் ஒத்துக்கொள்ளும்.

மென்மையான பாறையும் மண்ணும் உள்ள இடங்களில் பாதை ஆளுயரத்துக்கும் மேலாகக் குழிந்து போயிருக்கும். யாரும் வெட்டியதல்ல. சக்கரமும் குளம்பும் மண்ணைப் பொடியாக்க, மழைநீர் அதை அள்ளிப்போக, நூற்றாண்டுகளில் ஆன பள்ளம் அது. நடப்பவருக்கு இதிலிருந்து ஒரு பாடம்: பாதையைக் குழியாக்கிய தண்ணீர் இன்றும் அதே வழியில்தான் ஓடும். கனமழை பெய்த மறுநாள் அது பாதையல்ல, ஓடை. வழுக்கும் இலைக்குப்பைக்கு அடியில் வேர்கள் ஒளிந்திருக்கும். பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மேட்டில் இன்னொரு தடம் தெரிந்தால், முற்காலத்துப் பயணிகளும் சேற்றுக்கு ஒதுங்கியே நடந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதையின் வெளிவளைவுகளில் கல் அடுக்கித் தாங்கு சுவர் எழுப்பியிருப்பார்கள். நின்று பார்க்க வேண்டிய வேலைப்பாடு அது. வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்கினால் சில நிமிடம் மிச்சம். ஆனால் அந்தக் குறுக்குத்தடத்தில் தண்ணீர் இறங்கி அடுத்த மழையில் கீழ்வளைவின் சுவரைத் தள்ளிவிடும். பழம்பாதைகள் அழிவதற்கு இது முக்கியக் காரணம்.

கால்வாய்க்கரைப் பாதையைப் பற்றி ஒரு வரி. பாலத்துக்கு அடியில் வளைவின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். படகை இழுத்த குதிரைக்கயிறு உராய்ந்து கல்லிலோ இரும்புத் தகட்டிலோ விரல் நுழையும் பள்ளங்களை அறுத்திருக்கும். கைவிடப்பட்ட ரயில்பாதைகள் நடக்க எளிதானவை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மிகவும் ஏற்றவை. சுரங்கம் வந்தால் மட்டும் டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள், மூடப்பட்டிருந்தால் நுழையவே வேண்டாம்.

குறிகளும் மைல்கற்களும்

குறிகளின் மொழி நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் மஞ்சள் அம்புக்குறி நடப்பவருக்கு மட்டும், நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். பிரான்சின் நெடும்பாதைகளில் வெள்ளை, சிவப்புப் பட்டைகள். அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் தவறான வழி. அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடத்தில் மரங்களில் 5 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் திருப்பம் வருகிறது, கவனம். ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் மஞ்சள் அம்பும் சிப்பியும். யாத்திரைப் பாதையை எதிர்த்திசையில் நடந்தால் அம்புகள் எல்லாம் மரத்துக்கும் சுவருக்கும் மறுபுறம் இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

மைல்கல்லை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ரோமானிய மைல் ஏறத்தாழ 1.48 கி.மீ. தான். ஜப்பானில் ஒரு ரீ சுமார் 3.9 கி.மீ.; அந்த இடைவெளிக்கு ஒன்றாகச் சாலையோரம் மண்மேடு கட்டி மரம் நட்டார்கள். பிரிட்டனில் 1940-இல் எதிரிப்படை வந்தால் வழி தெரியக் கூடாது என்று பல மைல்கற்களைப் பிடுங்கினார்கள், புதைத்தார்கள், எழுத்தைச் சிதைத்தார்கள். வரிசையில் ஒரு கல் இல்லாவிட்டால் நீங்கள் பாதை மாறிவிட்டதாக அர்த்தமில்லை.

தடம் தொலைந்தால்

தொலைவதற்குக் காரணங்கள் சிலவே. வயலை உழுதிருப்பார்கள். நடவுக்காட்டில் மரம் வெட்டும் வண்டிகள் புதுத்தடம் போட்டிருக்கும், அது பழைய பாதையைவிடத் தெளிவாக இருப்பதால் கால் தானாக அதில் போகும். வெள்ளம் நடைப்பாலத்தை அடித்துப் போயிருக்கும். அல்லது மாடுகள் போன தடத்தைப் பாதை என்று நினைத்திருப்பீர்கள். மாட்டுத்தடம் தண்ணீரிலோ புதரிலோ போய் முடிந்துவிடும், பாலத்துக்கோ கணவாய்க்கோ போகாது.

சந்தேகம் வந்த இடத்திலேயே நில்லுங்கள். உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்புங்கள். பத்து நிமிடம் பின்னால் நடப்பது நஷ்டமாகத் தெரியும். ஆனால் ‘முன்னே போனால் எங்காவது சேரும்’ என்று போகிறவர்கள்தான் பொழுது சாயும்வரை அலைகிறார்கள். அங்கே வரைபடத்தைத் திசைகாட்டியோடு நேர்படுத்திவிட்டு, அன்று சுமையோடு வந்தவன் எப்படிப் போயிருப்பான் என்று யோசியுங்கள். ஏறிய உயரத்தை அவன் வீணாக இழந்திருக்க மாட்டான். ஆற்றை அகன்று ஆழம் குறைந்த இடத்தில் கடந்திருப்பான். சதுப்பைச் சுற்றிப் போயிருப்பான். முதிர்ந்த மரவரிசை, நடுப்பகுதி தேய்ந்த கல்பலகை, சுவரில் அடைக்கப்பட்ட பழைய வாசல் இவற்றில் எது அந்த வழியில் இருக்கிறது என்று பாருங்கள்.

எத்தனை அடி வைத்தால் 100 மீட்டர் என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காலை எண்ணினால் பலருக்கும் 60 முதல் 65 வரும். ஏற்றத்தில் கூடும். ‘முக்கிலிருந்து 300 மீட்டரில் கிளைவழி’ என்று வரைபடம் சொன்னால் இந்த எண்ணிக்கை தேவைப்படும். திசைகாட்டியில் ஒரு பாகை தவறினால் ஒரு கி.மீ. தூரத்தில் சுமார் 17 மீட்டர் விலகிப் போவீர்கள். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம் தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும், அதைக் கவனியுங்கள்.

கைபேசி வரைபடத்தை விடுதி வைஃபையிலேயே இறக்கி வைத்துவிட்டு, நடக்கும்போது விமானப் பயன்முறையில் போட்டால் பேட்டரி நாள் முழுக்க நிற்கும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். தாள் வரைபடம் எப்படியும் வேண்டும்.

ஆபத்து என்றால் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் தருவார். வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவதே ஆபத்துக் குறி. ஐரோப்பாவில் அவசர எண் 112.

பார்க்கும் முறை

தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சுண்ணாம்புக் கட்டி தேய்ப்பதோ, பாசியைச் சுரண்டுவதோ கூடாது. கல்லின் மேற்பரப்பு அதோடு உதிர்ந்து வரும். கைபேசி டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒட்டினாற்போலப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இதே காரணத்தால்தான் கைவிடப்பட்ட ஊர்களின் வீட்டுமேடுகளும் பழைய உழவு வரப்புகளும் காலை, மாலைச் சாய்வெயிலில் தெரிகின்றன, உச்சிவெயிலில் மறைந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தை நாளின் முதல் மணியிலோ கடைசி மணியிலோ கடக்கும்படி திட்டமிடுங்கள்.

கிடக்கும் ஓடோ ஆணியோ பையில் போக வேண்டாம். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதே அதன் வரலாறு. பல நாடுகளில் அது சட்டக் குற்றமும்கூட. புகைப்படம் எடுத்து, இடத்தைக் குறித்து, உள்ளூர் அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். வழியில் கல் அடுக்கிக் கோபுரம் கட்டாதீர்கள். மூடுபனியில் வருகிறவர் அதை வழிக்குறி என்று நம்பிவிடுவார். சாந்து பூசாத கல்சுவரில் ஏறக் கூடாது, ஒரு கல் சரிந்தால் வரிசையாகச் சரியும். ஊன்றுகோலின் இரும்பு முனைக்கு ரப்பர் மூடி போட்டால் பழைய கற்றளத்தில் கீறல் விழாது, வழுக்காது. வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே விட்டுப் போங்கள். கன்றோடு மாடுகள் நின்றால் தூரமாகச் சுற்றிப் போங்கள். நாயோடு வந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள், மாட்டின் குறி நாய்தான், அது தப்பிவிடும்.

பையில் மணிக்கு அரை லிட்டர் கணக்கில் தண்ணீர், மழைச்சட்டை, ஒரு கூடுதல் கம்பளி உடை, தலைவிளக்கு, விசில், கால் கொப்புளத்துக்கு ஒட்டுநாடா போதும். கொப்புளம் எழுந்தபின் ஒட்டுவதில் பயன் குறைவு. சூடாக உறுத்துகிறது என்று தோன்றிய அந்த நிமிடமே ஷூவைக் கழற்றி ஒட்டுங்கள்.

திரும்பியதும்

காலையில் கிளம்பும்போது வரவேற்பில் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் உதவி கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். திரும்பியதும் மறக்காமல் நேரே போய் ‘வந்துவிட்டோம்’ என்று சொல்லுங்கள். பக்கவாசல் வழியாக அறைக்குப் போய்த் தூங்கிவிட்டால், உங்களைத் தேடி ஆட்கள் இருட்டில் மலையேறுவார்கள். உடைந்த பாலம், சாய்ந்த மரம், காணாமல்போன குறி எதையாவது பார்த்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நாளைக்கு அந்த வழியில் போகிறவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும்.

புதர், புல்வழியே வந்திருந்தால் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் சுடுவதும் வேண்டாம்.

ஈர ஷூவைக் கணப்பு அடுப்புக்கு முன்னால் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், அடிப்பகுதியின் பசை விடும். உள்தகட்டை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி இறுக்கமாகத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தாளை மாற்றுங்கள். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு உலர்ந்திருக்கும்.